ஆம்பூர்த் தோல் துண்டு: வெட்டுமேசை முதல் ஒட்டுப்போர்வை வரை

ஆம்பூரில் வெட்டித் தைத்த ஷூ ஐரோப்பாவில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. அதே தோலிலிருந்து அதே கத்தி பிரித்த இன்னொரு துண்டு ஆம்பூரிலேயே ஒரு சாக்குமூட்டைக்குள் கிடக்கிறது. ஷூவின் பெருமையைச் சொல்ல விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள். துண்டைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் ஷூ பட்ட பாடெல்லாம் துண்டும் பட்டிருக்கிறது. அதற்குச் செலவான தண்ணீரும் உழைப்பும் ஷூவுக்குச் செலவானதில் குறைந்ததல்ல. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே போயிருக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

உப்பு, சுண்ணாம்பு, குரோமியம்

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனால் உடனே உப்புப் போடுவார்கள். தோலின் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்கு உப்பு செலவாகும். பக்ரீத்தை ஒட்டிய நாட்களில் இந்த வேலை மும்முரமாகும். குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை மதரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் தானமாகக் கொடுப்பது வழக்கம். அங்கிருந்து வியாபாரிகள் கைமாறி, சென்னைப் பெரியமேடு, ஈரோடு போன்ற தோல் சந்தைகள் வழியாக அது பாலாற்றுப் பக்கத்தில் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளுக்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் அந்த வரிசையில் ஏதாவது ஓர் ஊரில் அது இறங்கும்.

அங்கே முதல் வேலை, ஊறவைத்து உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் ரோமத்தைக் கழற்றும். உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையை இயந்திரம் வழித்தெடுக்கும். அமிலமும் உப்பும் ஏற்றிய பின், சுழலும் டிரம்முக்குள் குரோமியம் சல்ஃபேட்டோடு தோல் உருளும். ஒரு நாளுக்குள் அது வெளிர்நீலமாகி வெளியே வரும். தொழிலில் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். சரியாகப் பதமான வெட் ப்ளூ கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. குரோமியம் வருவதற்கு முன், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறித்தான் தோல் பதமாயிற்று. அப்படிப் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

வெட் ப்ளூவைச் சீவிக் கனம் சரிசெய்து, சாயமேற்றி, எண்ணெய் ஊட்டி, உலர்த்தி, மேற்பூச்சு கொடுத்த பிறகுதான் அது ஷூ கம்பெனிக்குப் போகும் தோலாகிறது. அதற்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு டன் பச்சைத் தோலைப் பதப்படுத்த 30,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த ஒரு டன்னிலிருந்து கிடைக்கும் முடிந்த தோல் ஏறத்தாழ 200 கிலோதான். அப்படியானால் ஒரு கிலோ முடிந்த தோலுக்குப் பின்னால் 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் உள்ள ஒரு சிறு துண்டு எட்டு கிராம் எடை வரும். அதற்கு மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் ஆகிறது.

அந்தத் தண்ணீர் போன இடம் பாலாறும் அதன் இருகரை நிலங்களும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும், கேடு வரக்கூடும் என்றாலே முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. ஆனாலும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதிக்காக மறுபடியும் தீர்ப்பளித்து, இழப்பீடு கொடுக்கவும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இவ்வளவும் நடந்தது ஒரு தோல் வெட்டுமேசைக்கு வந்துசேர்வதற்கு முன்.

வெட்டு ஊருக்கு வந்த காலம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. தோல் ஊர்களுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தத் தடம் குறுக்குவழியாக அமைந்தது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் இந்தப் பகுதியின் தோல் பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிட்ட நிலையிலேயே கப்பலேறியது. சாயமேற்றுவதும் வெட்டுவதும் தைப்பதும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் நடந்தன. ஆக, ஏற்றுமதித் தோலின் வெட்டுத் துண்டுகளும் அந்த ஊர்களில்தான் விழுந்தன. மாசு மட்டும் இங்கே தங்கியது.

1970களின் தொடக்கத்தில் இது மாறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்திய ஒன்றிய அரசு, முடிந்த தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் வளர்ந்தன. 1976ல் தொடங்கிய ஃபரிதா குழுமம் அவற்றில் பெரிய பெயர். வேலை கம்பெனிக்கு வந்தது, வெட்டு ஊருக்கு வந்தது, வெட்டோடு துண்டும் வந்தது. நம் துண்டின் குடும்ப வரலாறு அந்த ஐம்பது ஆண்டுகளில் அடங்கும்.

கட்டிங் மேசை

ஓர் ஆட்டுத் தோல் நான்கு, ஐந்து சதுர அடி வரும். அதை மேசையில் விரித்ததும் கட்டிங் தொழிலாளி முதலில் விரல்களால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மை வடு, உரிக்கும்போது கத்தி பட்டது, நரம்பு ஓடிய தடம் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், ஷூவின் முன்முகம் அதிலிருந்துதான் வர வேண்டும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும், அங்கே மறைவான பாகங்களை வெட்டலாம். தோல் எந்தத் திசையில் நீளும் என்பதும் முக்கியம். நீளும் திசை தவறினால், பாத அச்சில் ஏற்றும்போது ‘அப்பர்’ என்னும் ஷூவின் மேல்பாகம் கோணிக்கொள்ளும். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறமும் புள்ளியும் ஒத்துப்போக வேண்டும்.

இத்தனையும் மனதில் வைத்து, வடிவம் வெட்டும் ‘டை’களை அடுக்கி அவர் அழுத்தும்போது, இரண்டு டைகளுக்கு இடையில் மீந்த வளைவும் ஓரமும்தான் நம் துண்டு. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், மனிதப் பாதத்தின் வளைவுகளும் ஆட்டின் உடல் வளைவுகளும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. தோலின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை துண்டாய்ப் போவது இந்தத் தொழிலில் இயல்பு. அந்தத் துண்டில் குறை ஒன்றும் இல்லை. பல துண்டுகள் முதுகுத் தோலே. பெரிய டைக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான். இங்கே ‘கட்டிங் வேஸ்ட்’ என்று மூட்டை கட்டுவது பெரும்பாலும் நல்ல தோலைத்தான்.

மூட்டைக்கு எத்தனை வழி

மூட்டை கிலோ கணக்கில் விலைபோகும். கொஞ்சம் பெரிய துண்டுகளைப் பொறுக்கிச் சாவிக்கொத்து, பர்ஸ், வாட்ச் பட்டை செய்பவர்கள் வாங்குவார்கள். சிலதை வேலைக்கு அணியும் கையுறைகளில் உள்ளங்கை ஒட்டாகத் தைப்பார்கள். சீவல் தூளை அரைத்து ரப்பர் பாலோடு சேர்த்துத் தோல் அட்டையாக்கி உள்ளடிகளுக்குப் பயன்படுத்துவதும் உண்டு. இந்த வழிகளில் போகும் துண்டுக்கு ஒரு வாழ்வு இருக்கிறது.

மீதி குழியில் போகும், அல்லது எரியும். எரிப்பது இருப்பதிலேயே மோசம். தோலுக்குள் இருப்பது மூன்றிணைதிறக் குரோமியம். அது நாருக்குள் இறுகப் பிணைந்திருக்கும்வரை பெரிய தீங்கில்லை. நெருப்பில் காற்றோடு சேரும்போது அதில் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். அது தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைப் பார்த்தவர்களுக்கு, இந்த ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டீக்கடை அடுப்பிலோ குப்பைமேட்டிலோ ஒரு கைப்பிடித் தோல் துண்டைக்கூடப் போடக்கூடாது என்பதை இந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லலாம்.

எனவே துண்டுக்கு நல்ல முடிவு ஒன்றுதான்: தோலாகவே இருந்து, பல ஆண்டுகள் பயன்பட வேண்டும். அதற்கு ஊசியும் நூலும் போதும்.

ஊசி ஏறும் இடம்

மீந்த துணியை ஒட்டித் தைப்பது நமக்குப் பழகிய கலை. தஞ்சை வட்டாரத்தில் கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் பலநிறத் துணிகளை வெட்டி, மேலே வைத்துத் தைத்த வேலைதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் பழைய உடைகளின் துண்டுகளை அடுக்கிப் போர்வை தைப்பார்கள். நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று சொல்லும் சிறு துணி மடிப்பைத் தைத்தால்தான் அந்தப் போர்வை முடிந்ததாக அர்த்தம்.

ஆம்பூருக்கு மிக நெருக்கமான உதாரணம் கடல் தாண்டி அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிறது. அங்கே கறுப்பினப் பெண்கள் 1966ல் ‘ஃப்ரீடம் க்வில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தத்தை அவர்களுக்குக் கொடுத்தது. உறை வெட்டியபின் மீந்த கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் போர்வை தைத்தார்கள். கம்பெனிக்கு அவை குப்பை. பின்னாளில் அவர்களுடைய போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. தொழிற்சாலை மீதத்துக்கும் அதைத் தொட்ட கைகளுக்கும் சேர்ந்தே மதிப்பு வந்த கதை அது.

தோலுக்கும் இதே வழி பொருந்தும், முறைதான் வேறு. துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. ஆகவே தவறாகத் தைத்துப் பிரிக்க முடியாது. குண்டூசி குத்தக்கூடாது, கிளிப் போட வேண்டும் அல்லது சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொள்ள வேண்டும். தையலை நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம்போல அங்கேயே கிழியும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். முனை வெட்டும் தோல் ஊசியும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலும் தேவை. ஷூ அப்பர் தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். இரண்டு ஓரங்கள் சேரும் இடத்தில் தடிக்காமல் இருக்க ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும், தொழிலில் இதற்கு ‘ஸ்கைவிங்’ என்று பெயர். தைத்த பின் இஸ்திரி போடக்கூடாது. தையலை விரித்து, சுத்தியால் மெல்லத் தட்டிப் படியவைக்க வேண்டும். எல்லாத் துண்டுகளின் நீளும் திசையும் ஒரே பக்கம் இருந்தால்தான் விரிப்பு சுருங்காமல் கிடக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு மில்லிமீட்டர் கனத் தோல் சதுர அடிக்கு 75 கிராம் அளவில் வரும். பத்து கிலோ மூட்டையில் 130 சதுர அடிக்கு மேல் தோல் இருக்கிறது. அதில் பாதிதான் நான்கு அங்குலச் சதுரம் வெட்டத் தோதாக இருக்கும் என்று வைத்தாலும் 65 சதுர அடி. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனபின் ஏறத்தாழ 50 சதுர அடி விரிப்பு மிஞ்சும். ஆறடிக்கு நான்கடி அளவில் இரண்டு விரிப்புகள். ஒரு மூட்டைக் ‘குப்பை’க்குள் இரண்டு விரிப்புகளும், மூட்டை முழுவதற்கும் பின்னால் 1,500 லிட்டருக்கு மேல் தண்ணீரும் இருக்கின்றன.

வேலூர் வெயிலில் தோல் போர்வையை யாரும் போர்த்த மாட்டார்கள். அது குளிர்நாட்டுச் சோபாவுக்குப் போகலாம். நம் வீட்டுக்கு ஏற்றவை வேறு: உட்காரும் தரைத்திண்டு, மெத்தை உறை, கடைக்குப் போகும் பை, புத்தகப் பை. உள்ளே லைனிங்குக்கு வெளியூரைத் தேட வேண்டாம், பக்கத்துக் குடியாத்தத்துக் கட்டம் போட்ட கைலித் துணி இருக்கிறது. பண்டிகைக்குத் தைக்கவும் நிறைய உண்டு. ரம்ஜானில் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு போட்டுக்கொடுக்கச் சுருக்குப்பை, பொங்கலுக்கு முக்கோணத் துண்டுகளைக் கயிற்றில் கோத்த தோரணம், கிறிஸ்துமஸுக்குச் சிவப்பும் பச்சையுமாக நட்சத்திரம். எல்லாமே உள்ளங்கை அளவுத் துண்டில் முடியும் வேலை.

ஒரு கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே மாதத்திலிருந்து தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏற்றுமதிக்கு வெட்டிய தோலின் துண்டு இந்தச் சோதனைக்கு உட்பட்ட தோலிலிருந்து வருகிறது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத துண்டைக் குழந்தைகள் தொடும் பொருளுக்குப் பயன்படுத்தக்கூடாது.

கைகள் தயாராக இருக்கின்றன

இந்தப் பகுதியில் தையலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெருவாரியானவர்கள் பெண்கள். இன்னும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஷூ அப்பரைக் கையாலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். தடித்த தோலில் ஊசியை ஏற்றி இறுக்கி, ஜோடிக்குச் சில ரூபாய் வாங்குகிறார்கள். கூலிப் பட்டியலில் பெயரில்லை, பி.எஃப். இல்லை, கையில் காய்ப்பு மட்டும் உண்டு. தோல் ஷாப்பின் ஈர வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தோலைத் தொட்டவரை ஒதுக்கிய ஊர், தோல் துண்டையும் ஒதுக்கியதில் ஆச்சரியமில்லை. துண்டுக்கு மதிப்புக் கொடுப்பதும் அந்தக் கைகளுக்கு மதிப்புக் கொடுப்பதும் ஒரே வேலை.

ஒரு சிறு தோல் பட்டைக்கு என்ன மதிப்பு என்பதை இந்த மண் முன்பே கண்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த கால்களில் புண் வராமல் காக்க மென்மையான நுண்துளை ரப்பர் அடியும் தோல் பட்டையும் கொண்ட செருப்பை உருவாக்கப் பாடுபட்டார். 1955ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் அந்தச் செருப்பு வேலை வளர்ந்தது. அதில் ஆணி கூடாது. உணர்வில்லாத காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. பட்டையை ஒட்டித் தைத்துத்தான் பொருத்த வேண்டும். கவனமாகப் போட்ட தையல் ஒருவரின் காலைக் காப்பாற்றியது.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஷூ கம்பெனிகள் வெட்டுமேசையிலேயே துண்டை நிறவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரிக்க வேண்டும். மூட்டையில் கலந்தபின் பிரிப்பது வீண் கூலி. பிரித்த துண்டை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நேரடியாக, தோலின் விவரச் சீட்டோடு கொடுக்க வேண்டும். ஸ்கைவிங் இயந்திரமும் தோல் தைக்கும் மெஷினும் உள்ள ஒரு பொதுக்கூடத்தைத் திருப்பத்தூர், ராணிப்பேட்டை, வேலூர் மாவட்ட நிர்வாகங்கள் தலைக்கு ஒன்று அமைக்கலாம். கூலியைத் துண்டின் விலையில் கணக்கிடாமல், தையலுக்குச் செலவான நேரத்தில் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் துண்டு மட்டும் பிழைக்கும், தைத்தவர் பிழைக்க மாட்டார்.

ஒட்டுத்தையல் பாலாற்றைச் சுத்தமாக்கிவிடாது. உப்புக் குறைப்பதும் கழிவுநீரை முழுதாகச் சுத்திகரிப்பதும் தனி வேலை, அவற்றுக்கு இது மாற்றல்ல. ஆனால் ஆற்றின் தண்ணீரைக் குடித்துப் பதமான தோலில் கால்வாசியை எறிவது அந்த ஆற்றுக்குச் செய்யும் இரண்டாம் கேடு. அதை நிறுத்த நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆம்பூர்ப் பக்கம் போகிறவர்கள் பிரியாணியோடு மட்டும் திரும்பாமல், துண்டுத் தோலில் தைத்த ஒரு பையைக் கேட்டு வாங்குங்கள். தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் கம்பெனிகள் துண்டைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கும்.